கருவில் உருவாகும் கண்ணும் செவியும்: ஓர் ஆராய்ச்சியின் வரலாறு

மனிதன் உலகை அறிவதற்கு வாயில்களாக அமைந்த பொறிகள் ஐந்து. அவற்றுள் கண்ணும் செவியும் தலையாயவை. கல்வி என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இவ்விரண்டின் வழியாகவே நம்மை வந்து அடைகிறது. எழுத்தைக் கண் வாங்குகிறது. பேச்சைச் செவி வாங்குகிறது. ஆனால் இவ்விரு பொறிகளும் தாம் பயன்படப்போகும் உலகத்தைச் சந்திப்பதற்கு முன்பே, தாயின் வயிற்றுக்குள் பெரும்பாலும் அமைந்து முடிந்துவிடுகின்றன. ஒளி புகாத இடத்தில் ஒளியை வாங்கும் கருவி எவ்வாறு அமைகிறது? பேச்சென்பதையே அறியாத கருவில் பேச்சைப் பகுத்துணரும் செவி எவ்வாறு தோன்றுகிறது?

இவ்வினாக்களுக்கு விடை தேடி அறிஞர்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் உழைத்திருக்கிறார்கள். அவ்வுழைப்பின் நடுவே ஒரு பெரிய வழக்கு இருந்தது. உறுப்புகள் யாவும் தொடக்கத்திலேயே மிகச் சிறிய உருவில் அமைந்து கிடந்து, பின்னர் பெருக்கம் மட்டும் அடைகின்றனவா? அன்றி, இல்லாத உறுப்பு நாளுக்கு நாள் புதிதாக உருவாகிறதா? இதுவே அவ்வழக்கு. இது வேலையற்ற வாதம் போலத் தோன்றலாம். ஆனால் அப்படி அன்று. எல்லாம் முன்னரே அமைந்து கிடப்பது உண்மையாயின், பார்வையின்றியும் கேள்வியின்றியும் பிறக்கும் குழந்தைகளின் நிலை எவராலும் மாற்ற இயலாத விதியாகிவிடும். நாள்தோறும் உருவாவது உண்மையாயின், எந்த நாளில் எது உருவாகிறது என்பதை அறிந்து, அந்த நாளில் அதைக் காப்பாற்றவும் வழி உண்டு. வழக்கின் தீர்ப்பு எவ்வாறு கிடைத்தது என்பதையும், அத்தீர்ப்பு நம் வீட்டுக் குழந்தைகளுக்கு என்ன நன்மை செய்தது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

முட்டையைத் திறந்து பார்த்தவர்கள்

தாயின் வயிற்றுக்குள் நடப்பதைப் பண்டைக் காலத்தார் காண முடியவில்லை. ஆகவே அவர்கள் கோழி முட்டையை நாடினார்கள். கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், அடைகாக்கும் முட்டைகளை வெவ்வேறு நாட்களில் உடைத்து, ஒவ்வொரு நாளும் உள்ளே காணப்பட்ட மாற்றங்களைக் குறித்து வைத்தார். மூன்று நாள் கடந்தபின் இரத்தப் புள்ளி போல் இதயம் துடிப்பதையும், பின்னர்த் தலை தெளிவாகத் தெரிவதையும், அத்தலையில் கண்கள் மிகப் பெரியனவாகப் புடைத்து நிற்பதையும் அவர் கண்டார். பத்தாம் நாள் அளவில் கண்கள் அவரை விதையினும் பெரியனவாய், கருநிறமாய் இருக்கும் என்றும், அவற்றை வெட்டிப் பார்த்தால் உள்ளே வெண்மையான நீர் இருக்கும் என்றும் எழுதினார். உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன என்பதே அவருடைய முடிவு.

அதன்பின் நெடுங்காலம் புதிதாகத் திறந்து பார்த்தவர் சிலரே. அரிஸ்டாட்டில் சொன்னதைத் திரும்பச் சொல்வதே கல்வியாக இருந்தது. இத்தாலியின் பாதுவா நகரத்துப் பேராசிரியர் ஃபப்ரீசியஸ் கோழிக் கருவின் வளர்ச்சியைப் படங்களோடு விளக்கிய நூல், அவர் இறந்தபின் 1621இல் வெளிவந்தது. அவரிடம் பயின்ற ஆங்கிலேயரே இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த வில்லியம் ஹார்வி. ஹார்வி 1651இல் உயிர்களின் பிறப்பைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். எல்லா உயிர்களும் முட்டையிலிருந்தே தோன்றுகின்றன என்றும், உறுப்புகள் படிப்படியாக உருவாகின்றன என்றும் அவர் வாதாடினார். கோழி முட்டையோடு நில்லாமல், முதலாம் சார்லஸ் மன்னரின் வேட்டைக் காட்டு மான்களையும் அவர் அறுத்து ஆராய்ந்தார். எனினும் வெறுங்கண்ணுக்கும் கைக்கண்ணாடிக்கும் எட்டிய அளவே அவரால் காண முடிந்தது.

அடுத்த தலைமுறையில் உருப்பெருக்கி வந்தது. போலோனா நகரத்து மருத்துவர் மார்செல்லோ மல்பீகி, அக்கருவியைக் கொண்டு கோழிக் கருவை ஆராய்ந்து வரைந்த படங்களை லண்டனிலுள்ள அரச கழகத்துக்கு அனுப்பினார். 1673இல் அவை அச்சேறின. மிக இளம் கருவில் மூளை சில குமிழ்களாக இருப்பதும், அதன் இரு பக்கங்களிலும் கண்கள் குமிழ்களாகத் துருத்தி நிற்பதும் அப்படங்களில் தெரிந்தன.

ஆனால் மல்பீகியின் கண்டுபிடிப்பு, உண்மைக்கு வழிகாட்டியது போலவே தவறான கொள்கை ஒன்றுக்கும் துணைநின்றது. அடைக்கு வைக்காத முட்டையிலும் கருவின் உருவம் தென்படுகிறது என்று அவர் எழுதியிருந்தார். கோழி முட்டையிடும்போதே உள்ளிருக்கும் கருவின் வளர்ச்சி தொடங்கிவிட்டிருக்கும் என்பதை அக்காலத்தார் அறியார். ஆகவே, அடைக்கு வைக்கும் முன்பே உருவம் இருக்கிறது என்றால், அது தொடக்கம் முதலே இருந்திருக்க வேண்டும் என்று பலர் முடிவு கட்டினர். முன்னமைப்புக் கொள்கை இவ்வாறு வலுப்பெற்றது. 1694இல் ஹார்ட்சூக்கர் என்னும் டச்சுக்காரர், ஆணின் விந்தணுவின் தலைக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு சிறு மனிதன் உட்கார்ந்திருப்பது போல் படமே வரைந்து காட்டினார்.

வழக்கின் திருப்பம்

முன்னமைப்புக் கொள்கை ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆட்சி புரிந்தது. அதை முதன்முதலில் வன்மையாக எதிர்த்தவர் காஸ்பர் ஃபிரடெரிக் வோல்ஃப் என்னும் ஜெர்மானிய இளைஞர். 1759இல், தம் 26ஆம் வயதுக்குள், ஹாலே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த ஆய்வுரையில், கோழிக் கருவின் இரத்தக் குழாய்கள் தொடக்கத்தில் இல்லை என்றும், அவை பின்னரே உருவாவதைத் தாம் கண்டதாகவும் கூறினார். சில ஆண்டுகள் கழித்து, குடல் என்பது முதலில் ஒரு தட்டையான ஏடாகவே இருந்து, பின்னர் மடிந்து குழலாகிறது என்பதையும் விளக்கினார். ஏடு மடிந்து குழலாகும்; குழலின் ஓரிடம் புடைத்துக் குமிழாகும்; குமிழ் உள்வாங்கிக் கிண்ணமாகும். உடலின் உறுப்புகள் பல இம்முறையில் அமைகின்றன என்ற பேருண்மையின் தொடக்கம் இங்கேதான் இருக்கிறது.

அக்காலத்தில் உடற்கூற்றுத் துறையில் பெரும்புகழ் பெற்றிருந்த ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலர், வோல்ஃபின் கூற்றை ஏற்கவில்லை. கண்ணுக்குத் தெரியவில்லை என்பதனால் இல்லை என்று ஆகிவிடுமா என்று அவர் தரப்பில் வாதிக்கப்பட்டது. வோல்ஃப் ரஷ்யா சென்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பணியாற்றி, 1794இல் அங்கேயே மறைந்தார். குடலைப் பற்றிய அவருடைய லத்தீன் நூல் 1812இல் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்ட பிறகே, அறிஞர் உலகம் அவர் பெருமையை உணர்ந்தது.

உணர்ந்தவர்கள் விரைவாகச் செயலாற்றினர். பால்டிக் கடலோரப் பகுதியிலிருந்து வந்த கிறிஸ்டியன் பாண்டர் என்பவர், ஆயிரக்கணக்கான முட்டைகளை ஆராய்ந்து, கோழிக் கரு தொடக்கத்தில் மூன்று ஏடுகளாக இருக்கிறது என்று 1817இல் அறிவித்தார். அவருடைய நண்பரும் அதே பகுதியைச் சேர்ந்தவருமான கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் அவ்வாராய்ச்சியை மற்ற விலங்குகளுக்கும் விரிவாக்கினார். பாலூட்டிகளின் சினைமுட்டையை 1827இல் முதன்முதலில் கண்டவர் அவரே. 1828இல் வெளிவந்த அவருடைய நூலுக்குப் பிறகு, முன்னமைப்புக் கொள்கை தலைதூக்கவே இல்லை எனலாம். புறப்படை, நடுப்படை, உட்படை என்று இன்று பள்ளி மாணவரும் படிக்கும் பாகுபாட்டின் மூலம் இவர்களுடைய உழைப்பே.

ஹுஷ்கேயின் 1831ஆம் ஆண்டுக் கட்டுரை

பொதுவிதி கிடைத்தது. இனி ஒவ்வோர் உறுப்பும் எந்தப் படையிலிருந்து, எவ்வாறு வருகிறது என்று காண வேண்டும். கண்ணுக்கும் செவிக்கும் அப்பணியைச் செய்தவர், யேனா நகரத்துப் பேராசிரியர் எமில் ஹுஷ்கே. அடைகாத்த கோழிக் குஞ்சில் கண்ணும் காதும் முதன்முதலில் உருவாகும் வரலாற்றைப் பற்றி அவர் 1831இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் பெயர் இன்று அதிகம் பேசப்படுவதில்லை. எனினும் அக்கட்டுரை இத்துறையின் அடிக்கல் ஆகும்.

கண் மூளையின் பக்கத்திலிருந்து குமிழாகப் புறப்படுகிறது என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. ஆகவே கண்ணில் உள்ள எல்லாப் பகுதியும் அக்குமிழிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்று எண்ணுவது இயல்பு. ஹுஷ்கே கண்டது வேறு. மூளையிலிருந்து புறப்பட்ட குமிழ் வெளியே வந்து, தலையின் மேல்தோலைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் தோல் தடித்து, உள்நோக்கிக் குழிகிறது. குழி ஆழமாகிப் பையாகி, வாய் மூடிக்கொண்டு, தோலிலிருந்து அறுபட்டுத் தனியாகிறது. அந்தப் பைதான் கண்ணின் வில்லை. அதே வேளையில் மூளையிலிருந்து வந்த குமிழும் உள்வாங்கி, இரண்டு சுவருள்ள கிண்ணமாகிறது. கிண்ணத்தின் உட்சுவர் பிற்காலத்தில் ஒளியை உணரும் விழித்திரையாகும். வெளிச்சுவர் அதன் பின்னாலுள்ள கருநிறப் படலமாகும். கிண்ணத்தின் காம்பின் வழியே பார்வை நரம்பு செல்லும். ஆகவே கண் என்பது ஒரே பொருளால் ஆனதன்று. மூளையின் ஒரு பகுதியும் தோலின் ஒரு பகுதியும் பாதிவழியில் சந்தித்துச் சேர்ந்து அமைத்த கருவி அது.

செவியின் கதை இதற்கு நேர்மாறானது. ஒலியை உணரும் உட்செவி, மண்டை எலும்புக்குள் ஆழமாகப் புதைந்து, மூளைக்கு அருகில் இருக்கிறது. அது மூளையிலிருந்தே வந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் உண்மையில் அது தோலிலிருந்து வருகிறது. பின்மூளையின் இரு பக்கங்களிலும் மேல்தோல் தடித்து, குழிந்து, பையாக மூடி, உள்ளே இறங்குகிறது. இந்தச் செவிக்குமிழ் ஒரு பக்கம் நீண்டு நத்தையின் கூடு போலச் சுருள்கிறது. மறுபக்கம் மூன்று அரைவட்டக் குழல்களாக விரிகிறது. நத்தைச் சுருள் கேட்பதற்கு. அரைவட்டக் குழல்கள் உடலைத் தள்ளாடாமல் நிறுத்துவதற்கு. வெளியே தெரியும் கண்ணின் முக்கியப் பகுதி உள்ளிருக்கும் மூளையிலிருந்து வருவதும், உள்ளே மறைந்திருக்கும் செவி வெளித்தோலிலிருந்து வருவதும் வியப்புக்குரியவை அல்லவா?

மறு ஆண்டு ஹுஷ்கே மற்றோர் உண்மையைக் கூறினார். இரு கண்களுக்கும் உரிய இடம் தொடக்கத்தில் ஒன்றாகவே நடுவில் இருக்கிறது. பின்னரே இரண்டாகப் பிரிகிறது. அப்பிரிவு நிகழாவிட்டால் நெற்றி நடுவே ஒற்றைக் கண்ணுடன் உயிர் பிறக்கிறது என்றார். அத்தகைய பிறவிகளைத் தெய்வக் குற்றம் என்றும் தீய சகுனம் என்றும் உலகம் அஞ்சிய காலம் உண்டு. நின்றுபோன ஒரு வளர்ச்சிப் படியே அதற்குக் காரணம் என்று ஆராய்ச்சி காட்டிவிட்டது.

செவுளும் செவியும்

செவிப்பறைக்கும் உட்செவிக்கும் இடையே சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று சிறு எலும்புகள் உள்ளன. உடலிலேயே மிகச் சிறிய எலும்புகள் இவையே. இவற்றின் தோற்றம் மற்றொரு வியத்தகு வரலாறு. 1825இல் மார்ட்டின் ராத்கே என்னும் ஜெர்மானியர், பன்றிக் கருவின் கழுத்தில் மீனின் செவுள்களைப் போன்ற பிளவுகளும் வளைவுகளும் இருக்கக் கண்டார். மனிதக் கருவிலும் அவ்வளைவுகள் உண்டு. அவை மூச்சுவிடும் செவுள்களாக ஒருபோதும் ஆவதில்லை. பின் என்னவாகின்றன?

1837இல் கார்ல் ரைகெர்ட் இதற்கு விடை கண்டார். முதல் வளைவிலிருந்து தாடையும் அதனோடு சுத்தியும் பட்டடையும், இரண்டாம் வளைவிலிருந்து அங்கவடியும் வருகின்றன என்பதே அவ்விடை. பல்லி, ஓணான் முதலிய ஊர்வனவற்றில் கீழ்த்தாடையை மண்டையோடு பொருத்தும் எலும்புகள் எவையோ, அவையே பாலூட்டிகளில் சுருங்கிக் காதுக்குள் புகுந்து ஒலியைக் கடத்தும் எலும்புகளாயின என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகளும், மண்ணில் கிடைத்த பழைய எலும்புகளும் உறுதி செய்தன. மீன் மூச்சுவிடும் உறுப்பையும் மனிதனின் காதோரக் கன்னத்தையும் நம் மக்கள் பேச்சு வழக்கில் செவுள் என்ற ஒரே சொல்லால் குறிக்கிறார்கள். கருவியல் கண்ட உறவை அச்சொல் வழக்கு நமக்கு நினைவூட்டுகிறது.

மனிதக் கருவின் நாட்கணக்கு

இதுவரை சொன்னவை கோழியிலும் பன்றியிலும் கண்டவை. மனிதக் கருவை முறையாக ஆராய்ந்த பெருமை லைப்சிக் நகரத்துப் பேராசிரியர் வில்ஹெல்ம் ஹிஸ் என்பவரைச் சாரும். கருவை மெல்லிய சீவல்களாக அரிந்து, ஒவ்வொரு சீவலையும் வரைந்து, அவற்றை அடுக்கி மெழுகில் பெரிய உருவமாகச் செய்து பார்க்கும் முறையை அவர் கையாண்டார். 1880 முதல் 1885 வரை அவருடைய நூல் பகுதி பகுதியாக வெளிவந்தது. அவருடைய மாணவர் ஃபிராங்க்ளின் மால் அமெரிக்காவின் பால்டிமோரில் அதே பணியைத் தொடர்ந்தார். 1928இல் ஆங்கிலப் பெண் மருத்துவர் ஐடா மான், மனிதக் கண்ணின் வளர்ச்சியைப் பற்றி எழுதிய நூல் கண் மருத்துவர்களுக்குக் கைவிளக்காயிற்று.

இவர்களுடைய உழைப்பினால் நமக்குக் கிடைத்த நாட்கணக்கு இது. கருவுற்ற நாளிலிருந்து ஏறத்தாழ 22ஆம் நாள், கண்ணுக்குரிய பள்ளமும் செவிக்குரிய தோல் தடிப்பும் தோன்றுகின்றன. நான்காம் வார முடிவில் கண்குமிழ் தோலைத் தொடுகிறது, செவிக்குமிழும் மூடுகிறது. ஐந்தாம் வாரத்தில் வில்லை தோலிலிருந்து பிரிகிறது. கண்கிண்ணத்தின் அடியில் இருக்கும் பிளவு ஏழாம் வாரத்துக்குள் மூடிவிடும். மூடாவிட்டால் கருவிழியின் கீழ்ப்பகுதியில் குறையோடு குழந்தை பிறக்கும். காதுமடல் ஆறு சிறு மேடுகளாகக் கழுத்தருகே தோன்றி, ஒன்றுகூடி, பின்னர் மேலேறித் தன் இடத்துக்கு வருகிறது. உட்செவியின் நத்தைச் சுருள் ஐந்தாம் ஆறாம் வாரங்களில் தொடங்கி, பத்தாம் வார அளவில் இரண்டரைச் சுற்றை முடிக்கிறது. அதன் உள்ளே ஒலியை உணரும் மெல்லிய உயிரணுக்கள் அமைவதற்கு மேலும் பல வாரங்கள் ஆகும்.

இந்நாட்கணக்கில் ஓர் உண்மையை நாம் மனத்தில் இருத்த வேண்டும். தன் வயிற்றில் கரு இருப்பதையே ஒரு பெண் ஐயமின்றி அறிவதற்கு முன்பு, குழந்தையின் கண்ணும் காதும் கால்கொண்டுவிடுகின்றன.

ஓர் உறுப்பு மற்றோர் உறுப்பை எழுப்புதல்

எது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது. ஏன் அங்கே வருகிறது? கண்குமிழ் தொட்ட இடத்தில் மட்டும் தோல் ஏன் வில்லையாகிறது? இவ்வினாவைச் சோதனையால் ஆராய்ந்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் ஸ்பேமன். ஒருவகைத் தவளையின் கருவில், கண்குமிழ் உருவாகவேண்டிய இடத்தை அவர் சுட்டு அழித்தார். தோலுக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. ஆயினும் அப்பக்கத்தில் வில்லை தோன்றவில்லை. 1901இல் இம்முடிவை அவர் வெளியிட்டார். 1904இல் அமெரிக்கர் வாரன் லூயிஸ் மறுபக்கச் சோதனையைச் செய்தார். தவளைக் கருவின் கண்குமிழை எடுத்து, தலையில் வேறோர் இடத்தில் தோலுக்கடியில் வைத்தார். அங்கே வில்லை தோன்றியது. ஒரு திசு தன் அண்டைத் திசுவுக்குச் செய்தி சொல்லி, அதன் போக்கையே மாற்றுகிறது என்பது இவ்வாறு வெளிப்பட்டது.

இயற்கை அவ்வளவு எளிதில் தன் கணக்கை முடிப்பதில்லை. வேறோர் ஐரோப்பியத் தவளை இனத்தில் கண்குமிழை நீக்கிய பின்னும் வில்லை உண்டாவதை ஸ்பேமனே கண்டார். கண்குமிழ் வருமுன்பே அருகிலுள்ள வேறு திசுக்களும் தோலைப் பக்குவப்படுத்துகின்றன என்பது பின்னாளில் தெளிவாயிற்று. செவிக்கும் இதுவே நியதி. பின்மூளையும் அதன் அண்டையில் உள்ள நடுப்படைத் திசுவும் தூண்டுவதனாலேயே தோல் செவிக்குமிழாகிறது. ஸ்பேமனும் அவருடைய மாணவி ஹில்ட மங்கோல்டும் 1924இல் வெளியிட்ட ஆராய்ச்சி, முழுக் கருவின் அமைப்புக்கே இத்தகைய தூண்டுதல் அடிப்படை என்று காட்டியது. அவ்வாண்டே மங்கோல்ட் தீவிபத்தில் இறந்தார். 1935இல் ஸ்பேமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அச்செய்திகளை எழுதிவைத்திருக்கும் மரபணுக்களையும் இன்று நாம் ஓரளவு அறிவோம். 1995இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வால்ட்டர் கேரிங்கும் அவருடைய துணைவரும், கண்ணை அமைக்கத் தூண்டும் மரபணு ஒன்றைப் பழ ஈயின் காலிலும் இறக்கையிலும் செயல்பட வைத்தனர். அவ்விடங்களில் ஈக்கண் முளைத்தது. சுண்டெலியின் மரபணுவைப் பயன்படுத்தியபோதும் ஈக்கண்ணே முளைத்தது. 2011இல் ஜப்பானின் கோபே நகரில், சுண்டெலியின் மூல உயிரணுக்கள் கண்ணாடிக் கலத்தில் தாமாகவே மடிந்து கண்கிண்ணம் ஆவதை யோஷிகி சசாயின் குழுவினர் கண்டனர்.

சிட்னி நகரத்துக் கண் மருத்துவர்

இத்தனை ஆராய்ச்சியும் தவளையோடும் ஈயோடும் நின்றுவிடவில்லை. அதன் பயன் மனிதக் குழந்தைகளைச் சென்றடைந்த வரலாற்றைச் சொல்ல, 1941ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவுக்குச் செல்ல வேண்டும்.

அவ்வாண்டின் தொடக்கத்தில் சிட்னியில் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாகப் பலர் தம்மிடம் கொண்டுவரப்படுவதைக் கவனித்தார். புரை முதியோருக்கு வருவது. பச்சைக் குழந்தைகளுக்கு இத்தனை பேருக்கு ஏன் வரவேண்டும்? பிறவிக் குறைபாடு என்றால் பரம்பரை என்பதே அக்கால மருத்துவர்களின் பொது நம்பிக்கை. ஆனால் தொடர்பில்லாத பல குடும்பங்களில் ஒரே காலத்தில் பரம்பரைக் குறை தோன்றுவது எவ்வாறு?

கிரெக் புரை அமைந்திருந்த இடத்தைப் பார்த்தார். கண்வில்லை உள்ளிருந்து வெளியே அடுக்கடுக்காக வளர்வது. நடுவில் இருப்பது முதலில் உண்டான இழை. ஓரத்தில் இருப்பது பின்னர் உண்டானது. இக்குழந்தைகளின் புரை நடுவிலே இருந்தது. ஆகவே தீங்கு நேர்ந்தது கருவளர்ச்சியின் தொடக்க நாட்களில் என்று அவர் முடிவு செய்தார். குழந்தைகள் பிறந்த நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டபோது, அந்நாட்கள் 1940இல் ஆஸ்திரேலியாவெங்கும் ஜெர்மன் அம்மை பரவியிருந்த காலத்தோடு பொருந்தின. தாய்மாரை விசாரித்தார். அவரும் அவருடைய தோழர்களும் திரட்டிய 78 குழந்தைகளுள், 68 பேரின் தாய்மார் கருவுற்றிருந்தபோது அவ்வம்மை கண்டவர்கள். பெரும்பாலோருக்கு அது கருவின் தொடக்க வாரங்களில் வந்திருந்தது. 1941 அக்டோபரில் மெல்போர்ன் நகரில் கூடிய கண் மருத்துவர் சங்கத்தில் அவர் இதனை அறிவித்தார்.

ஜெர்மன் அம்மை அதுவரை அற்ப நோயாகவே கருதப்பட்டது. இரண்டு மூன்று நாள் மேனியில் தடிப்பும் இலேசான காய்ச்சலும் கண்டு மறைந்துவிடும். அதனால் குழந்தையின் கண் போகும் என்பதை வெளிநாட்டு மருத்துவர் பலர் நம்பவில்லை. ஆனால் தாய்மார் மற்றொன்றையும் கவனித்தார்கள். அதே அம்மைக்குத் தப்பிப் பிறந்தன போலத் தோன்றிய குழந்தைகள் பலவற்றுக்குக் காது கேட்கவில்லை. 1943இல் அடிலெய்டு நகரத்துச் சார்லஸ் சுவானும் தோழர்களும் வெளியிட்ட ஆராய்ச்சி இதனை உறுதி செய்தது.

1951இல் புள்ளியியல் அறிஞர் ஆலிவர் லங்காஸ்டர் ஐயத்தைப் போக்கினார். ஆஸ்திரேலியாவின் பழைய குடிமதிப்புக் கணக்குகளில் காது கேளாதோரின் பிறந்த ஆண்டுகளை அவர் ஆராய்ந்தார். சில ஆண்டுகளில் பிறந்தவர்கள் தொகை மட்டும் திடீரென உயர்ந்திருந்தது. 1898, 1899ஆம் ஆண்டுகளில் பிறந்தோர் அவர்களுள் முக்கியமானவர்கள். அம்மை பரவிய காலங்களோடு அவ்வாண்டுகள் ஒத்திருந்தன. ஐம்பது ஆண்டுக்கு முன் பரவிய நோயின் சுவடு, காது கேளாமல் முதுமையை நோக்கிச் சென்ற மக்களின் வாழ்வில் பதிந்து கிடந்தது.

கண்ணுக்கும் செவிக்கும் உள்ள நாட்கணக்கு வேற்றுமையும் இங்கே விளங்குகிறது. கருவின் முதல் இரண்டு மூன்று மாதங்களில் தாக்கினால் கண்புரையும் இதயக் கோளாறும் நேர்கின்றன. செவியோ நான்காம் மாதம் தாண்டிய நோய்க்கும் இரையாகிறது. உட்செவியின் நுண்ணமைப்பு முடிய நெடுநாள் ஆவதே காரணம். தாலிடோமைட் என்னும் தூக்க மருந்தும் இத்தகைய பாடத்தையே கற்பித்தது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து 1961 இறுதியில் நிறுத்தப்பட்ட அம்மருந்தை, கருவின் நான்காம் வாரத் தொடக்கத்திலேயே உண்ட தாய்மாரின் குழந்தைகள் பெரும்பாலும் காதுமடல் குறைந்து பிறந்தன. சில நாள் கழித்து உண்டவர்களின் குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்தன.

தடுப்பூசியும் நம் கடமையும்

ஜெர்மன் அம்மையின் நச்சுயிரியை 1962இல் அமெரிக்காவில் இரு குழுவினர் தனித்தனியே பிரித்தெடுத்தனர். ஆனால் தடுப்பூசி வருமுன் பெருந்துயரம் வந்துவிட்டது. 1964, 1965ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 20,000 குழந்தைகள் இந்நோயின் வடுவோடு பிறந்தன. அவர்களுள் 11,000க்கு மேற்பட்டோர் செவித்திறனையும், ஏறத்தாழ 3,500 பேர் பார்வையையும் இழந்தவர்கள். 1969இல் அங்கே தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது.

நம் வட்டாரத்திலும் அப்பயன் வந்து சேர்ந்தது. சிங்கப்பூரில் 1976இல் தொடக்கப்பள்ளி ஆறாம் வகுப்பு மாணவியருக்கும், மலேசியாவில் 1988இல் 12 வயதுப் பெண்களுக்கும் இத்தடுப்பூசி போடத் தொடங்கினர். பின்னர் இரு நாடுகளிலும் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி ஆகியவற்றின் தடுப்பு மருந்தோடு சேர்த்து, ஆண் பெண் இருபாலாருக்கும் குழந்தைப் பருவத்திலேயே தரப்படலாயிற்று. தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தட்டம்மையோடு சேர்த்துப் பெருந்திட்டமாக இவ்வூசி போடப்பட்டது. வட, தென் அமெரிக்க நாடுகள் அனைத்தும் 2015இலும், கிரெக்கின் தாயகமான ஆஸ்திரேலியா 2018இலும் இந்நோய் ஒழிந்தவை என அறிவிக்கப்பட்டன.

இவ்வூசியைக் கருவுற்ற பின் போட்டுக்கொள்ளக் கூடாது. கருவுறுவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும். நாட்கணக்கை அறிந்தவர்க்கு இதன் காரணம் விளங்கும். 22ஆம் நாள் தொடங்கிவிடும் வேலைக்கு, அந்நாள் வந்தபின் காவல் தேட முடியாது. மணவினைக்கு முன் நகையும் புடவையும் எண்ணிப் பார்க்கும் நம் குடும்பங்கள், மணமகளுக்கு இவ்வூசி போடப்பட்டிருக்கிறதா என்பதையும் எண்ணிப் பார்த்தல் நலம்.

இன்னும் ஒன்று. குழந்தை குறையோடு பிறந்தால் தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் வழக்கம் நம்மிடையே முற்றும் ஒழியவில்லை. கிரகணத்தில் வெளியே வந்தாள் என்பார்கள், முன்வினை என்பார்கள். அவள் அறியாமலே வந்து போன ஒரு சிறு காய்ச்சலும், மரபணுவில் நேர்ந்த ஒரு மாற்றமும் காரணமாகலாம் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. அரிஸ்டாட்டில் உடைத்த முட்டையில் தொடங்கிய ஆராய்ச்சி, தாயின் மீது சுமத்தப்பட்ட அப்பழியைத் துடைத்திருக்கிறது. இதை அறிந்த பின்னும் அப்பழியை நாம் சுமத்துவோமாயின், கண்ணும் செவியும் நமக்கு நன்கு அமைந்தும் பயன் என்ன?